பங்குனித் தண்ணீரை எண்ணிய பிறகு கன்றை எண்ணுங்கள்

மரம் நடப் போகிறோம் என்று யாராவது சொன்னால் "எத்தனை கன்று?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நூறு என்றால் ஒரு தலையாட்டல், ஆயிரம் என்றால் மரியாதை, பத்தாயிரம் என்றால் மேடை, மைக், ஃப்ளெக்ஸ் பேனர். அடுத்த பங்குனியில் அந்தக் கன்றுகளுக்கு யார், எங்கிருந்து, எந்த வண்டியில் தண்ணீர் கொண்டுவருவார் என்று கேட்கிற ஆள் அபூர்வம். சேலத்து வெயிலில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எத்தனை கன்று நடலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதல்முறையாக நூற்றுக்கணக்கில் நடத் துணிகிற இளைஞர் மன்றம், பள்ளிப் பசுமைப்படை, ஏரி காக்கிற குழு, மலையடிவாரத்தில் நிலம் வாங்கிப் போட்டிருப்பவர், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வாசலில் ஒரு வேப்பங்கன்று வைக்கிறவருக்கு இவ்வளவு தேவையில்லை.

தண்ணீர்க் கணக்கு

சேலம், ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் போன்ற சமவெளிப் பக்கங்களில் இரண்டடிக் கன்று ஒன்றுக்கு முதல் கோடையில் வாரம் ஒருமுறை சுமார் 10 லிட்டர் வேண்டும். ஆயிரம் கன்றுக்கு ஒரு சுற்று 10,000 லிட்டர். டிராக்டர் டேங்கர் 5,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு லோடு. தை கடைசியில் தொடங்கி வைகாசி வரை, கோடை மழை ஏமாற்றினால், சுமார் 18 வாரம். ஆக 36 லோடு. வண்டி ஓட்டுகிறவர் போக, ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடக்க இரண்டு ஆள். இதை ஒரு தாளில் எழுதி, டேங்கர்காரரிடம் லோடு என்ன விலை என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். கன்றின் விலையெல்லாம் அதற்கு முன்னால் சில்லறைக் காசு.

பாதிப் பேர் இந்த இடத்திலேயே ஆயிரத்தை முந்நூறாகக் குறைத்துவிடுவார்கள். குறைக்கட்டும். முந்நூறு நட்டு இருநூற்றைம்பது நிற்பது, ஆயிரம் நட்டு எண்பது நிற்பதைவிட எவ்வளவோ மேல். மிச்சத்தை அடுத்த வருஷம் நடலாம், நிலம் எங்கேயும் ஓடிப்போகாது.

இரண்டாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும், ஆனால் அளவைக் கொஞ்சம் கூட்டி 15 லிட்டராக ஊற்ற வேண்டும். மூன்றாம் கோடையில் வேம்பு, புங்கன், வாகை, உசில் எல்லாம் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். நீர்மருது, நாவல் மாதிரி ஈரம் கேட்கிற மரங்களுக்கு மட்டும் சித்திரையில் ஒன்றிரண்டு தடவை கொடுத்தால் நல்லது.

தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. மேல்மண் இரண்டு அங்குலம் நனையும், வேரும் அந்த இரண்டு அங்குலத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஊற்றுகிறவர் ஒரு வாரம் திருமணத்துக்குப் போனால் கன்று காய்ந்துவிடும். வாரம் ஒருநாள், சாயங்காலம், குழி நிறைய ஊற்றினால் ஈரம் கீழே இறங்கும். வேரும் அதைத் தேடி இறங்கும். தண்டை ஒட்டி ஊற்றாமல் ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் ஊற்றுங்கள்.

போர்வெல் இருக்கிற தோட்டமாக இருந்தால் சொட்டுநீர் போட்டுவிடலாம், டேங்கர் செலவு மிச்சம். ஆனால் வாரம் ஒருமுறை வரிசையோடு நடந்து, எந்தச் சொட்டுவாய் அடைத்திருக்கிறது, எங்கே அணில் கடித்திருக்கிறது என்று பார்க்க ஒருவர் வேண்டும். பழைய பாட்டிலைக் கவிழ்த்து வைக்கிற முறை ஐம்பது கன்றுக்குச் சரி. ஐந்நூறு பாட்டிலை நிரப்பிப் பாருங்கள், அப்புறம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டீர்கள்.

நிலம் யாருடையது

சேர்வராயன் மலைச்சரிவில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நடுவது இருக்கட்டும், உள்ளே போவதே குற்றம். ஏரி என்றால் நீர்வளத்துறையா, ஊராட்சியா, மாநகராட்சியா என்று பார்க்க வேண்டும். சாலையோரம் நெடுஞ்சாலைத்துறை, கோயில் நிலம் அறநிலையத்துறை, புறம்போக்கு என்றால் விஏஓ-விடம் புல எண்ணைக் காட்டி விசாரிக்க வேண்டும். வாய்வார்த்தையாக "நடுங்க, நடுங்க" என்று சொன்ன அதிகாரி அடுத்த வருஷம் மாற்றலாகிப் போயிருப்பார். கையெழுத்துள்ள கடிதமாக வாங்கிவிடுங்கள். சாலை விரிவாக்கம் வருமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். நிமிர்ந்து மின்கம்பி இருக்கிறதா என்றும், குனிந்து குடிநீர்க் குழாய் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையின் மேலேயே பெரிய மரம் வைப்பது நல்லதில்லை. வேர் செத்து மக்கினால் அந்த வழியாகக் கரை கசியும். கரைக்குப் பனைதான் காலங்காலமாக வைப்பது, ஆடி ஆவணியில் பனங்கொட்டை சும்மாவே கிடைக்கும், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். மற்ற மரங்களைக் கரைக்கு வெளிப்புறம் தள்ளி வையுங்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010-க்குப் பிறகு ஊர்மக்கள் கூடி வேலை செய்தபோது, தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து அதன்மேல் மரம் வளர்த்தார்கள். ஆடு மாடு நீந்திப் போய்க் கடிக்காது, அடியில் ஈரமும் இருக்கும். காவலும் தண்ணீரும் ஒரே வேலையில் முடிந்துவிட்டது. எல்லா ஏரிக்கும் இது பொருந்தாது, அனுமதியும் எளிதில் கிடைக்காது. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிக் காவலை முடித்துவிடலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி பக்கத்தில் இல்லை.

நட வேண்டாத இடம்

ஏற்காடு அடிவாரம், ஜருகுமலை, நகரமலை, கஞ்சமலை இவற்றின் சரிவைத் தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டையாகத் தெரியும். கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் புதர் புதராக உசில் நிற்கும், நாம் தலைக்குத் தேய்க்கிற அரப்பு அந்த மரத்து இலைதான். கூடவே வெப்பாலை, சூரை, ஆத்தி. ஒவ்வொரு வருஷமும் விறகுக்கு வெட்டுப்பட்டு, ஆடு கடித்து, மறுபடி துளிர்த்து, மறுபடி கடிபட்டுக் குட்டையாகவே நிற்கிறவை அவை. மேலே ஒரு வயசுத் துளிர், கீழே பல வயசு வேர்.

அந்த இடத்தை ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்து, குழியெடுத்து, நர்சரிக் கன்றை வைப்பதைப் போல வீண்வேலை வேறில்லை. சுற்றி வேலி போட்டு இரண்டு மழைக்காலம் ஆடு வராமல் பார்த்தால் போதும். கட்டையிலிருந்து ஏழெட்டுத் துளிர் கிளம்பும், நேரான ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். மூன்றாம் வருஷம் ஆள் உயரத்துக்கு மேல் போய்விடும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல். இடையில் வெற்றிடம் இருந்தால் அங்கே மட்டும் நடலாம். விழா எடுக்கப் படம் கிடைக்காது என்பதைத் தவிர இதில் குறையொன்றும் இல்லை.

உண்ணிச்செடி மண்டிய சரிவு வேறு விஷயம். அதை ஒரே மூச்சில் அழித்தால் அடுத்த மழையில் மேல்மண் முழுக்க ஓடைக்குப் போய்விடும். நடுகிற இடத்தைச் சுற்றி ஆறடி வட்டம் மட்டும் வேரோடு எடுத்துவிட்டு, மிச்சத்தை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

மண்ணும் மரமும்

நிலத்தில் மூன்று நான்கு இடங்களில் இரண்டடிக்குத் தோண்டித் தண்ணீரை நிரப்பி வையுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வேர் அழுகும் மண், நீர்மருதும் புங்கனும் மட்டும் தாங்கும். சில மணி நேரத்தில் வடிந்தால் எதையும் வைக்கலாம். கடப்பாரை ஓரடியிலேயே "டங்" என்றால் இரண்டு எட்டுத் தள்ளிப் போங்கள்.

மாமாங்கம், செட்டிச்சாவடி பக்கம் வெள்ளைக்கல் பூமி, மேக்னசைட் வெட்டியெடுக்கிற பகுதி. மண்ணில் மெக்னீசியம் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு, எந்தக் கன்றும் அங்கே மெதுவாகத்தான் வரும். வெளியிலிருந்து செம்மண் கொண்டுவந்து குழியை நிரப்பினால் முதல் வருஷம் பச்சையாகத் தெரியும், வேர் குழியைத் தாண்டியதும் சுணங்கிவிடும். அங்கே ஏற்கெனவே என்ன மரம் தானாக நிற்கிறதோ அதன் விதையை எடுத்து வளர்ப்பதுதான் வழி. எந்த மண்ணாக இருந்தாலும் மண் பரிசோதனை நிலையத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது.

சமவெளிச் செம்மண், சரளைக்கு வேம்பு, புங்கன், வாகை, புளி, இலுப்பை, பூவரசு, சரக்கொன்றை. வறண்ட கரட்டுக்கு உசில், ஆச்சா, வெள்வேல், வெப்பாலை, விளா. ஓடையோரம் நீர்மருது, நாவல், அத்தி. பறவை வர வேண்டுமென்றால் ஆல், அரசு, அத்தி, இச்சி இவற்றில் நூற்றுக்கு ஐந்து கன்றாவது கலந்து வையுங்கள். மற்ற மரங்களின் விதையைப் பறவைகளே கொண்டுவந்து போடும். ஒரே இனத்தில் ஆயிரம் நட வேண்டாம், ஒரு பூச்சி வந்தால் மொத்தமும் போகும்.

மேலே ஏற்காட்டில் கதை வேறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், மழையும் அதிகம், கன்றுக்கு வெயிலைவிட அழுகல்தான் எதிரி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அங்கே மரம் என்றாலே நிழல்மரம் என்றாகிவிட்டது. எஸ்டேட்காரர்களுக்குச் சில்வர் ஓக் பிடிக்கும், சீக்கிரம் வளரும், மிளகுக்கொடி ஏறும். ஆஸ்திரேலிய மரம் அது. காப்பிக்கு நடுவே அதையே வரிசையாக வைத்துக்கொண்டு போகாமல் பலா, நாவல், அத்தி, சந்தனவேம்பு, செண்பகம் என்று கலந்தால் மண்ணுக்கு இலைச்சருகும் பறவைக்கு இரையும் கிடைக்கும்.

சந்தனம் இந்த மலைக்கே உரியது, எல்லோரும் கேட்பார்கள். பட்டா நிலத்தில் வளர்க்கலாம், வெட்டி விற்பது வனத்துறை மூலம்தான். தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் கோத்துச் சத்து உறிஞ்சுகிற மரம் அது, தனியாக வைத்தால் வளராது. பையிலேயே துவரையோடு வளர்த்து, நட்ட பிறகும் பக்கத்தில் ஒரு துணைமரம் வைக்க வேண்டும். பெரிதானபின் திருட்டுப் பயமும் உண்டு. முதல்முறை நடுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடுவது நல்லது.

கொனோகார்பஸ், சுபாபுல் பக்கம் போகாதீர்கள். பச்சையாகச் சீக்கிரம் தெரியும், அவ்வளவுதான். மியாவாக்கி முறையை எல்லோரும் கேட்கிறார்கள். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கமாக வைத்து இரண்டு மூன்று வருஷம் தண்ணீரும் மூடாக்கும் (மண்ணை மூடிப் போடுகிற சருகு, சோகை) குறையாமல் கொடுக்கிற ஜப்பான்காரர் முறை அது. ஊருக்குள் ஐந்து சென்ட் இடமும் பக்கத்தில் குழாயும் இருந்தால் அழகாக வரும். மலையடிவாரத்துப் பத்து ஏக்கருக்கு அது வேலைக்காகாது. விதையை மண்ணுருண்டைக்குள் வைத்து எறிகிற விதைப்பந்தைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிள்ளைகளுக்கு உருட்டச் சந்தோஷமாக இருக்கும், எறிந்ததில் பெரும்பாலானது எறும்புக்கும் வெயிலுக்கும் போய்விடும்.

கன்று எங்கிருந்து

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவது இலக்கு. அதற்காக வனத்துறை நாற்றங்கால்களில் கன்று வளர்க்கிறார்கள். எவ்வளவு, எந்த இனம், எப்போது என்று மாசி பங்குனியிலேயே கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆவணியில் போய் நின்றால் மிஞ்சியதைத்தான் தருவார்கள்.

நாற்றங்காலில் கன்றை உயரம் பார்த்து எடுக்காதீர்கள். பென்சில் பருமனுக்குத் தண்டும், இரண்டடி உயரமும், பைக்குள் ஆடாத வேரும் போதும். பையின் அடியைப் பார்த்து, வேர் துளை வழியாகத் தடித்துத் தரைக்குள் போயிருந்தால் விட்டுவிடுங்கள், தூக்கும்போதே பாதி வேர் அறுந்திருக்கும். ஐந்தடி ஆறடிக் கன்று சாலையோரத்துக்கும் கூண்டு வைக்கிற இடத்துக்கும் மட்டும்.

சொந்தமாக நாற்று விடுவதாக இருந்தால் விதைக்கு நேரம் பார்க்க வேண்டும். வேப்பங்கொட்டை ஆனி ஆடியில் விழும், பொறுக்கிச் சதை நீக்கி இரண்டு வாரத்துக்குள் விதைக்காவிட்டால் முளைக்காது. நாவலும் இலுப்பையும் அதே மாதிரி அவசரக்காரர்கள். அந்த நாற்று அடுத்த வருஷ நடவுக்குத்தான் ஆகும். வாகை, சரக்கொன்றை விதை வருஷக்கணக்கில் கிடக்கும், ஆனால் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டால் முளைக்கும். பைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணியெரு ஒரு பங்கு. கூடவே கொஞ்சம் வேர் உட்பூசணம் (வேரோடு சேர்ந்து வாழ்கிற நல்ல பூஞ்சை) கலந்தால் வேர் வலுக்கும், வேளாண் அலுவலகத்தில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி வைத்தால் வேர் தரையைப் பிடிக்காது.

எடுத்துவந்த கன்றை உடனே நடாதீர்கள். நிழல்வலைக்கடியில் சொகுசாக வளர்ந்தது அது. இரண்டு மூன்று வாரம் திறந்த வெயிலில் வைத்து, தண்ணீரையும் மெல்லக் குறைத்துப் பழக்க வேண்டும்.

குழி

சமவெளியில் ஆனி ஆடியிலேயே குழி எடுத்து விட்டுவிடுங்கள். மண் காயும், பூச்சி முட்டை சாகும், முதல் மழையில் அடிமண் ஈரம் குடிக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சாதாரண மண்ணுக்குப் போதும். கெட்டிச் சரளையில் இரண்டடி. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போடச் சொல்லுங்கள், நிரப்பும்போது மேல்மண்தான் முதலில் உள்ளே போக வேண்டும். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி வைத்தால் ஏக்கருக்கு சுமார் 300 கன்று, பத்துக்குப் பத்து என்றால் 435.

ஆள் கிடைக்காமல் டிராக்டர் ஆகர் (சுழன்று மண்ணைத் துளைக்கிற கருவி) வைத்துக் குழி போடுகிறார்கள். வேகம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஈரக் களிமண்ணில் அது குழியின் சுவரைத் தேய்த்து மெழுகிவிடும், வேர் அதைத் துளைக்க முடியாமல் உள்ளேயே வட்டமடிக்கும். கடப்பாரையால் சுவரைச் சுற்றி நாலு இடம் குத்திவிட்டால் தீர்ந்தது.

குழிக்கு ஒரு பாண்டு மக்கிய எரு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணி போட்டால் கரையானுக்கும் புழுவுக்கும் விருந்து வைத்த மாதிரி.

வண்டி ஏறாத சரிவில் தண்ணீரை மழையிலிருந்தே பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழடிக் கம்பு இரண்டை ஏ வடிவத்தில் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிறு தொங்கவிடுங்கள். முதலில் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றிக் கயிறு விழுகிற இரு இடத்துக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டால், கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும் இடமெல்லாம் ஒரே மட்டம். அந்த மட்டத்தோடு ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குத் துண்டு துண்டாகப் பள்ளம் வெட்டி, மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். மேல்வரிசைப் பள்ளத்தின் இடைவெளிக்குக் கீழே அடுத்த வரிசைப் பள்ளம் வர வேண்டும். கன்றை வரப்பின் உட்சரிவில் நட்டால், ஓடிப்போகிற தண்ணீர் அதன் காலடியில் இறங்கும். ஒரு கன்றுக்குச் செலவாகிற உழைப்பில் முக்கால்வாசி இந்தப் பள்ளத்துக்குத்தான் போகும், போகவும் வேண்டும். பாறை மிகுந்த இடத்தில் பள்ளம் வெட்ட முடியாவிட்டால் கன்றுக்குக் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி கல் அடுக்குங்கள்.

நடும் நாள்

சேலத்தை இரண்டு பருவமழையும் நனைக்கும். ஆவணி கடைசியிலிருந்து ஐப்பசி நடுவுக்குள் நட்டுவிட்டால், அதற்குப் பிறகு வருகிற வடகிழக்கு மழையில் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். கார்த்திகைக்குப் பிறகு நடுவது கன்றை நேராகக் கோடைக்கு அனுப்புவது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் விழாவுக்குச் சமவெளியில் குழி மட்டும் வெட்டுங்கள், வந்த விருந்தினர் கையில் மண்வெட்டி கொடுத்தால் அவருக்கும் நல்லது. ஏற்காட்டில் ஆனி ஆடி மழையிலேயே தொடங்கலாம்.

கன்றோடு ஒரு பை ஒன்றரை முதல் 2 கிலோ இருக்கும். ஆயிரம் என்றால் ஒன்றரை முதல் 2 டன். வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து யார் தூக்குவார் என்று முதல்நாளே முடிவு செய்யுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பையைத்தான் பிடிக்க வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் பைக்குத் தண்ணீர் விட்டால் மண்கட்டி உடையாது. பிளேடால் பக்கவாட்டில் கீறி, அடியில் சுருண்ட வேரிருந்தால் நறுக்கிவிட்டு, மண்கட்டியோடு குழியில் இறக்குங்கள். தண்டும் வேரும் சேருகிற கழுத்து மண்மட்டத்துக்கு வர வேண்டும். மண்ணைத் தள்ளிக் காலால் நன்றாக மிதியுங்கள், உள்ளே காற்றுப்பை இருந்தால் வேர் காயும். சமவெளியில் குழியை முழுக்க நிரப்பாமல் நாலு விரல் பள்ளமாக விடுங்கள், தண்ணீர் நிற்க. ஏற்காட்டில் இதற்கு நேர் எதிர். கழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் மேடாக்கித் தண்ணீர் வடிய வழி வையுங்கள்.

பையோடு அப்படியே புதைத்துவிட்டுப் போகிற ஆட்கள் எல்லா விழாவிலும் உண்டு. ஒரு சாக்கை நடுவில் வைத்து, கன்று எத்தனையோ அத்தனை காலிப் பை சாக்கில் விழ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முடிவில் எண்ணினால் தெரிந்துவிடும்.

கன்று நட்டு முடிந்ததும் மூடாக்கு. தென்னை மட்டை, கரும்புச் சோகை, வேர்க்கடலைத் தோல் எது கிடைக்கிறதோ அது, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, அரையடி கனத்துக்கு. சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்குச் சக்கை, சும்மா கிடைக்கிறது என்று அதைப் போடாதீர்கள், மாட்டுத்தீவனம் அது, ஊர் மாடெல்லாம் வந்துவிடும்.

ஆடு

இந்தப் பக்கத்தில் கன்றைக் கொல்வதில் வெயிலுக்கு அடுத்தபடி ஆடுதான். ஆனால் ஆட்டுக்காரரை எதிரியாக்கிக்கொண்டு யாரும் மரம் வளர்த்ததில்லை. குழி வெட்டுவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள்.

"ஏனுங்க தம்பி, நீங்க பாட்டுக்கு வேலி போட்டுட்டா நாங்க எங்க ஓட்டிட்டுப் போறது?" என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. "மேக்கால பாதி உங்களுக்குங்கய்யா, கெழக்கால பாதி ரெண்டு வருஷம் கன்னுக்கு. அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். தண்ணீருக்குப் போகிற தடத்தை அடைக்காமல் விடுங்கள். காவலுக்கும் தண்ணீர் ஊற்றவும் சம்பளத்துக்கு ஆள் தேடும்போது அவர் வீட்டிலேயே ஒருவரைக் கேளுங்கள். இந்த வேலையில் நீங்கள் செய்கிற செலவுகளில் முழுசாகப் பலன் தருவது அந்தச் சம்பளம்தான்.

வேலிக்குக் கிளுவை போத்து (கிளைத்துண்டு) வெட்டி மழைக்கு முன்னால் நெருக்கமாக ஊன்றினால் இரண்டு வருஷத்தில் உயிர்வேலி. அதுவரை சீமைக்கருவேல முள் வெட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். வேலியின் ஓரத்து வரிசைகளில் ஆடு அவ்வளவாக வாய் வைக்காத புங்கன், நொச்சி, சரக்கொன்றை. அது ஆசையாகத் தின்கிற வாகை, பூவரசு, அரசு, வேம்பு எல்லாம் உள்வரிசையில். ஏற்காட்டு எஸ்டேட்களில் காட்டெருமை இறங்கும். அதற்கு எந்த வேலியும் கணக்கில்லை, அது நடக்கிற தடத்தை விட்டுத் தள்ளி நடுவதுதான் வழி.

கோடையும் கணக்கும்

மார்கழி தையில் களையெடுத்து, கன்றைச் சுற்றி மண்ணைக் கொத்தி, மூடாக்கைப் புதுப்பியுங்கள். மலையடிவாரத்தில் தை முடிவதற்குள் நிலத்தின் எல்லை நெடுகப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி மண் தெரியும்படி விட வேண்டும். மாசி தொடங்கினால் ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கிருந்து ஒரு பீடித் துண்டு விழும் என்று சொல்ல முடியாது. செதுக்கிய புல்லை அங்கேயே கொளுத்தாமல் மூடாக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தீ பிடித்துவிட்டால் ஓடிப்போய் அணைக்காமல் உடனே வனத்துறைக்கும் தீயணைப்புக்கும் சொல்லுங்கள், சரிவில் தீ மேல்நோக்கி ஓடுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது.

கணக்கெடுப்பு வருஷத்துக்கு இரண்டு தடவை. கார்த்திகையில் ஒன்று, கோடை முடிந்து ஆனியில் ஒன்று. ஆயிரத்துக்கு மேல் என்றால் பத்து வரிசைக்கு ஒரு வரிசை எண்ணினால் போதும். எத்தனை நிற்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இனம், எந்தப் பக்கம், எதனால் போனது என்றும் எழுதுங்கள்: காய்ந்ததா, கடித்ததா, கரையானா, திருட்டா. நாவல் எல்லாம் மேட்டில் செத்து ஓடையோரம் நிற்கிறது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். போன இடத்தில் புதுக்கன்று வைத்து நிரப்புவது அடுத்த ஆவணி புரட்டாசியில்தான், அதுவும் அந்தத் தாளைப் பார்த்து. ஆடு கடித்த இடத்தில் அதே கன்றை வைப்பதற்கு முன் வேலியைப் பாருங்கள், காய்ந்த மேட்டில் நாவலுக்குப் பதில் உசில் வையுங்கள். இதற்காக முதலிலேயே நூற்றுக்கு இருபது கன்றைக் கூடுதலாக வாங்கிக் கொஞ்சம் பெரிய பையில் மாற்றி வைத்திருந்தால், முதல் வருஷக் கன்றோடு அவையும் சமமாக நிற்கும்.

சாலையோரம் இரும்புக் கூண்டு வைத்தவர்கள் மூன்றாம் வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும். தண்டு கம்பியைத் தொட ஆரம்பித்துவிட்டால் கூண்டைக் கழற்றிவிடுங்கள், விட்டால் மரம் அதை விழுங்கித் தன் கழுத்தையே நெரித்துக்கொள்ளும். கழற்றும்போது நன்கொடையாளர் பெயர்ப்பலகை போகிறதே என்று யாராவது வருத்தப்பட்டால் அந்தத் தகட்டை மட்டும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். துருவேறிய அடிப்பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டால் கூண்டு இன்னொரு கன்றுக்குத் தாங்கும்.